செங்காந்தளை வீட்டில் வளர்க்கலாமா? கிழங்குக்குக் கணக்கு வைக்க முடிந்தால் வளர்க்கலாம்

தண்டையார்பேட்டையில் மாடி வீடு. கேட்டை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண். மேலே, கீழ்வீட்டுக்காரர்களோடு பொதுவான மொட்டை மாடி. வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. உங்களுக்குச் செங்காந்தள் வளர்க்க ஆசை. உங்கள் மாமியாரோ “அது விஷச் செடி, பார்த்தாலே கண் வலிக்கும், வேண்டாம்” என்கிறார். வளர்க்கலாமா, வளர்த்தால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கேட்டோர மண்ணில் வேண்டவே வேண்டாம். மாடியில், ஒரே ஒரு பையில், கீழ்வீட்டாரிடம் சொல்லி அவர்கள் சரி என்ற பிறகு வளர்க்கலாம். உங்கள் மகள் தனியாகவே மாடிப்படி ஏறி இறங்குகிறாள், மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் பொறுங்கள். கொடி எங்கும் ஓடிவிடாது.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி முழு உண்மை. பார்த்தால் கண் வலிக்காது. நான் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் விஷம் என்பதில் எள்ளளவும் மிகை இல்லை. இலை, தண்டு, பூ, விதை, கிழங்கு எல்லாவற்றிலும் விஷம் உண்டு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். கண்வலிப்பூ, கண்வலிக்கிழங்கு என்ற பெயர்களே குழந்தைகளை அதன் பக்கம் போகவிடாமல் தடுக்கத்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ‘விஷம்’ என்றால் குழந்தைக்குப் புரியாது. ‘கண்ணு வலிக்கும்’ என்றால் புரியும். அதனால் மாமியாரோடு இதில் வாதாடாதீர்கள். குழந்தையிடம் அவர் அதையே சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

நான் வளர்ந்தது பொன்னேரிப் பக்கம். கொல்லை வேலியில் காரைச் செடியும் கள்ளியும் பின்னிக் கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த முள்ளுக்குள்ளிருந்து இது நெருப்பு மாதிரி எட்டிப் பார்க்கும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. கார்த்திகைப் பூ என்றுதான் எங்களுக்குப் பெயர். பிறகு முப்பது வருஷம் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். அப்போதுதான் அது தமிழ்நாட்டின் மாநில மலர், சங்கப் பாட்டில் வரும் காந்தள் என்பதெல்லாம் பாடமாக வந்து சேர்ந்தது. குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் பறித்துக் குவிக்கும் 99 பூக்களின் வரிசை ‘ஒண்செங் காந்தள்’ என்றுதான் தொடங்குகிறது. ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுதான் தேசிய மலர். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் தானாகவே விளையும் கொடி இது.

இதன் இன்னொரு பெயர் கலப்பைக்கிழங்கு. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் காரணம் தெரியும். கிழங்கு இரண்டு கிளையாகப் பிரிந்து, கவட்டை போலவோ கலப்பை போலவோ இருக்கும். வழுவழுப்பான பழுப்புத் தோல், வெட்டினால் உள்ளே வெள்ளை. மண் ஒட்டிய நிலையில் மெலிந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்றே யாருக்கும் தோன்றும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கொடியில் உள்ள விஷத்தின் பெயர் கால்ச்சிசின். உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்ணிய இழைகள் உருவாகி, குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிக்கும். கால்ச்சிசின் அந்த இழைகளை உருவாகவிடாது. பிரிவு பாதியில் நின்றுவிடும். எந்த இடத்தில் செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அந்த இடம் முதலில் அடிபடும். குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர் எல்லாம் அப்படிப்பட்டவை. அதனால்தான் முதலில் வாந்தி, வயிற்றுவலி, நிற்காத பேதி. பிறகு இரத்த அணுக்கள் சரிவது. பிழைத்தவர்களுக்கும் இரண்டு வாரம் கழித்து முடி கொட்டுவது. இதே குணத்தை வைத்துத்தான் 1937-இல் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். இன்று நாம் சாப்பிடும் விதையில்லாத் தர்பூசணி அந்த வழியில் பிறந்தது. கௌட் எனும் மூட்டுவலிக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் அரை மில்லிகிராம் மாத்திரையும் இந்தக் கால்ச்சிசின்தான். மருந்தே அரை மில்லிகிராமில் இருக்கிறது என்றால், ஒரு கிழங்கைக் குழம்பில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. சித்த மருத்துவத்தில் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்து பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. அது படித்தவர்களின் வேலை. வீட்டில் அரைத்துப் பூசுவதும், யாரோ சொன்னார்கள் என்று கொஞ்சம் உள்ளுக்குச் சாப்பிடுவதும் உயிரோடு விளையாடுவது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது திருவொற்றியூரில் குடியிருந்தோம். தை மாதம் கொடி காய்ந்ததும் கிழங்குகளைத் தோண்டி, கழுவி, முறத்தில் பரப்பி மாடியில் வைத்திருந்தேன். மாலையில் பனி இறங்குமே என்று என் கணவர் முறத்தைத் தூக்கி வந்து அடுக்களைத் திண்ணையில் வைத்துவிட்டார். என் அம்மா அன்று எங்களோடு இருந்தார். பொங்கல் கழிந்த வாரம். வீட்டில் கருணை, சேனை, வள்ளி என்று எல்லாக் கிழங்கும் கிடந்தன. நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா அருவாமனையை எடுத்துப் போட்டுக்கொண்டு, முறத்திலிருந்து ஒன்றைக் கையில் எடுத்திருந்தார். வேலியில் அந்தப் பூவை ஆயுள் முழுக்கப் பார்த்தவர், ‘தொடாதே’ என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் கிழங்கை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று பள்ளியில் ஒரு கூட்டம் வைத்திருந்தால் நான் அரைமணி நேரம் தாமதமாக வந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நான் இந்தக் கொடியைப் பார்க்கும் விதமே மாறிப்போனது. பூத்து நிற்கும்போது இதனால் ஆபத்து குறைவு. எல்லார் கண்ணிலும் படும், என்ன செடி என்று எல்லாருக்கும் தெரியும், பெயரே எச்சரிக்கை. கொடி காய்ந்து, இலை உதிர்ந்து, வெறும் கிழங்காக ஒரு கூடையிலோ முறத்திலோ அடையாளம் இல்லாமல் கிடக்கும் ஐந்தாறு மாதம்தான் பயப்பட வேண்டிய காலம். இலங்கையிலும் நம் ஊரிலும் சர்க்கரைவள்ளி என்று நினைத்து இதைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. அதனால் உங்களுக்கு நான் சொல்லப்போகிற வளர்ப்பு முறை முழுவதும் ஒரே ஒரு விஷயத்தை நோக்கியதுதான்: கிழங்கு மண்ணை விட்டு முடிந்தவரை வெளியே வரக்கூடாது, வந்தால் எத்தனை என்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, வளர்ப்புக்கு வருவோம்.

கிழங்கு வாங்கும் இடம் முதலில். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரத்திலும் வேதாரண்யம் பக்கமும் இதை விதைக்காகவே வயலில் பயிரிடுகிறார்கள். விதை மருந்துக் கம்பெனிகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. அந்தப் பக்கம் உறவினர் இருந்தால் ஒரு விவசாயியிடம் கேட்டு ஒரு கிழங்கு வாங்கிவரச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாதவரம், செங்குன்றம் சாலையோர நர்சரிகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். ஒருமுறை ஒரு நர்சரியில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவிடம் இதையே ‘லில்லி கிழங்குங்க’ என்று சொல்லி விற்றார்கள். விஷம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னதும் அந்த அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். விற்கிறவர்கள் சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்பது பெரிய தவறு. நீங்கள் குளோரியோசா, கிளைம்பிங் லில்லி என்று எந்தப் பெயரில் பார்த்தாலும் அது இதுதான். இதழ் அகலமாக இருக்கும் வெளிநாட்டு ரகத்துக்கும் அதே விஷம். வேலியிலும் காட்டிலும் இருப்பதைத் தோண்டிக்கொண்டு வராதீர்கள். மருந்துக்கென்று தோண்டித் தோண்டியே பல இடங்களில் அது அரிதாகிவிட்டது.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும். பூக்க இரண்டு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். கிழங்கு வைத்தால் இரண்டு மாதத்தில் பூ.

கிழங்கை வாங்கும்போது நுனியைப் பாருங்கள். கவட்டையின் ஒவ்வொரு கிளைக்கும் நுனியில் ஒரே ஒரு முளைக்கண் இருக்கும். அது ஒடிந்துவிட்டால் அந்தக் கிளை பெரும்பாலும் முளைக்காது. உருளைக்கிழங்கைப் போல உடம்பெல்லாம் கண் கிடையாது. பஸ்ஸில் கொண்டுவருவதாக இருந்தால் ஈரமில்லாத தென்னை நாரில் பொதிந்து கொண்டுவரச் சொல்லுங்கள்.

நடும் காலம் ஆடி, ஆவணி. கேட்டோர மண்ணை நான் வேண்டாம் என்றதற்குக் குழந்தை மட்டும் காரணம் இல்லை. நம் பக்கம் மண்ணும் தண்ணீரும் இதற்கு ஒத்துவராது. வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் களிமண். மழை பெய்தால் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். திருவொற்றியூர், காசிமேடு பக்கம் மணல், ஆனால் உப்புக்காற்று, உப்புத் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கத் தெருக்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கே தெரியும். அப்படி ஒருநாள் தண்ணீர் புகுந்தால் தரையில் இருக்கும் கிழங்கு அழுகும், இல்லையென்றால் அரித்துக்கொண்டு எங்கோ போய்ச் சேரும். எங்கே போனது என்று தெரியாத ஒரு கிழங்கு என்பதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. தவிர, கேட்டோரம் என்றால் தெருவில் போகும் ஆடும் மாடும் தலையை நீட்டும். கால்ச்சிசின் பாலிலும் இறங்கும்.

எனவே மாடி. ஒன்றேகாலடி அகலம், அதே அளவு ஆழம் உள்ள பை அல்லது வாளி ஒன்று போதும். அடியில் துளைகள் தாராளமாக இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. மாடித் தோட்டம் என்றாலே தேங்காய் நார்க்கழிவைக் கொட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இதற்கு அது கூடாது. கத்திரிக்கும் கீரைக்கும் அது ஈரத்தைப் பிடித்து வைப்பது நல்லது, ஐப்பசி அடைமழையில் இந்தக் கிழங்குக்கு அதுவே எமன். என் முதல் வருஷக் கிழங்கு நாலும் அப்படித்தான் போயின. கொடி பூத்துக்கொண்டிருக்கும்போதே அடியில் கூழாகிவிட்டது. வேப்பம் புண்ணாக்கு ஒரு பிடி கலந்துகொள்ளுங்கள். பையை நேரடியாகத் தளத்தில் வைக்காமல் நாலு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தளமும் கெடாது, துளையும் அடைபடாது.

கிழங்கைப் படுக்கைவாட்டில் வைத்து, மேலே மூன்று நாலு அங்குலம் மண் மூடுங்கள். வேலை முழுவதும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு. சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும். அதைவிட முக்கியம், அந்தக் கையோடு கண்ணையோ வாயையோ தொட்டுவிடக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நடும் அன்று ஒருமுறை தண்ணீர். பிறகு முளை தலைகாட்டும் வரை, மேல்மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் கொஞ்சம். இரண்டு முதல் நாலு வாரத்தில் பென்சில் முனை மாதிரி பச்சையாக எட்டிப் பார்க்கும். அந்த நுனியை அணிலோ காகமோ ஒடித்துவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான். நான் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து மேலே ஒரு கல் வைத்துவிடுவேன்.

தண்ணீர் விஷயத்தில் நம் பக்கம் கவனம் தேவை. தண்டையார்பேட்டையில் பல வீட்டுப் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் ஒரே மாதத்தில் மண்மேல் வெள்ளை படியும், இலை நுனி கருகும். இந்தக் கொடிக்கு இலை நுனிதான் கை. அது கருகினால் ஏறவே முடியாது. மெட்ரோ வாட்டர் ஊற்றுங்கள். ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மழை தொடங்கியதும் நீங்கள் தண்ணீர் ஊற்றுவதையே மறந்துவிடலாம். இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும் என்று தெரிந்தால் பையின் வாயைப் பழைய பாலிதீன் தாளால் தண்டைச் சுற்றிக் கூரைபோல மூடிவிடுங்கள்.

இலை நுனிதான் கை என்றேனே, அதுதான் இந்தக் கொடியின் பேரழகு. தண்டு எதையும் சுற்றாது. ஒவ்வோர் இலையும் நுனியில் மெலிந்து, சுருண்டு, பக்கத்தில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கிற பொருள் மெலிதாக இருக்க வேண்டும். மாடியில் இருக்கும் பி.வி.சி. குழாயையும் கைப்பிடிச் சுவரையும் காட்டினால் வழுக்கி விழும். விலை கொடுத்துக் கொடிப்பந்தல் வாங்க வேண்டாம். காசிமேட்டில் மீன்பிடி வலை பழுது பார்க்கும் இடத்தில் கிழிந்த வலைத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு மூங்கிலுக்கு நடுவில் ஐந்தடி உயரத்துக்கு அதை இறுக்கமாகக் கட்டுங்கள். தொய்வாக விட்டால் அணிலும் குருவியும் மாட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் கிடந்த வலை, ஆகவே இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசிய பிறகு கட்டுங்கள். நான் எத்தனையோ விதம் கட்டிப் பார்த்தேன். செங்காந்தளின் விரல் வலையைப் பிடிப்பது போல வேறு எதையும் பிடிப்பதில்லை. கடல்பக்கம் பார்த்து வைக்காமல் தண்ணீர்த் தொட்டிக்கோ மாடிப்படி அறைக்கோ மேற்கே வையுங்கள். பகலில் ஐந்தாறு மணி நேரம் வெயில் கிடைக்கட்டும், ஆனால் பை நிழலில் இருந்தால் நல்லது. பையின் முன்னால் இரண்டு துளசித் தொட்டியை நிறுத்தினாலே போதும்.

மழைக்காலத்தில் ஒரு புழு வரும். கருப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் செம்மஞ்சள் திட்டுமாக, பார்க்க அழகாகவே இருக்கும். லில்லிப் புழு என்பார்கள். விஷம் என்று நாம் அஞ்சும் இலையைத்தான் அது தின்று வளர்கிறது. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் கொடி மொட்டையாகிவிடும். கையுறையோடு பொறுக்கி எடுத்துவிடுங்கள். வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். மழை ஓய்ந்த மாலையில் வாரம் ஒருமுறை தெளித்தால் கட்டுக்குள் இருக்கும். வேறு பூச்சி பற்றிப் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

பூப்பது புரட்டாசிக் கடைசியில் தொடங்கிக் கார்த்திகை வரை போகும். மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து வரும். விரியும்போது ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கும். அலை அலையான விளிம்பு. முதல் நாள் அடியில் மஞ்சள், நுனியில் பச்சை. அப்புறம் நுனி செம்மஞ்சளாகி, சிவப்பு இறங்கி, ஒரு வாரத்தில் பூ முழுவதும் குருதிச் சிவப்பாகிவிடும். ஒரே கொடியில் ஒரே காலையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றையும் பார்க்கலாம். முதல் வருஷம் தினமும் ஒரே பூவின் முன்னால் போய் நில்லுங்கள். ஒரு பையில் ஒரு கிழங்கு வைத்தாலே பத்துப் பதினைந்து பூ வரும். உங்கள் மகளையும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள், தொடவிடாமல். இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு அம்மாவின் குரலில் ‘இது பார்க்கிற பூ, தொடுகிற பூ இல்லை’ என்று கேட்டுப் பழகட்டும். செடி கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்தால் அவள் ஒருநாள் தானாகவே கண்டுபிடிப்பாள்.

பூவின் நடுவில் பாருங்கள். சூல்தண்டு செங்கோணமாக ஒருபக்கம் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். தன் மகரந்தம் தன்மேல் விழாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. தேன்சிட்டோ பட்டாம்பூச்சியோ வந்தால்தான் காய். மூலனூர்ப் பக்கம் வயல்களில் காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள், விதைதானே அவர்களுக்கு வருமானம். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். தானாகக் காய் பிடித்தாலும் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். முற்றி வெடித்தால் உள்ளே செம்மஞ்சள் நிற விதைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மிட்டாய் மாதிரி இருக்கும். குழந்தை உள்ள வீட்டில் அந்தக் காய் வெடிக்கும் நாள் வரவே கூடாது.

முருகனுக்கு உகந்த பூ என்பதால் சாமிக்கு வைக்க ஆசை வரும். படத்துக்கு மேலே செருகலாம். பிரசாதத் தட்டிலும், விபூதித் தட்டிலும், பழத்தோடும் வேண்டாம். கண்ணாடிக் குவளையில் வைத்தால் நாலைந்து நாள் வாடாது. அந்தத் தண்ணீரையும் விஷமாகவே நினைத்துக் கொட்டுங்கள்.

மார்கழியில் கொடி மஞ்சளாகும். தையில் காய்ந்து நிற்கும். இப்போதுதான் நான் முதலில் சொன்ன காலம் தொடங்குகிறது.

தோண்டாதீர்கள். வயலில் தோண்டுகிறார்கள் என்பதற்காக நாமும் தோண்ட வேண்டியதில்லை. காய்ந்த தண்டை அடியோடு வெட்டிவிட்டு, தண்ணீரை முழுவதும் நிறுத்தி, பையை அப்படியே மாடிப்படிக்குக் கீழோ வெயில் கொதிக்காத வேறு மூலையிலோ நகர்த்திவிடுங்கள். மேலே ஒரு ஓடு அல்லது பழைய தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். பைமேல் அழியாத மையில் ‘விஷக்கிழங்கு, தோண்டாதே’ என்று பெரிதாக எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு மண்டை ஓடும் வரைந்துவிடுங்கள். ஆடி பிறந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து தண்ணீர் தெளித்தால் அதுவே கிளம்பும்.

ஒவ்வொரு வருஷமும் பழைய கிழங்கு சுருங்கிப்போய், அதன் இடத்தில் புதுக்கிழங்கு பிறக்கும். ஒற்றைக் கிளையாக நட்டது கவட்டையாக வரும். கவட்டையாக நட்டால் இரண்டு கவட்டை வரலாம். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஆனி மாதம், பையைக் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும். குழந்தை பள்ளிக்கோ உறவினர் வீட்டுக்கோ போன ஒரு காலை நேரத்தில், ஒரு பெரிய தார்ப்பாயை விரித்து அதன்மேல் செய்யுங்கள். பொது மாடியில் அதே வெயிலில் யாராவது வடாமோ வற்றலோ காயவைத்திருந்தால் அன்று அந்த வேலை வேண்டாம். மண்ணை விரல்விட்டு உதிர்த்துக் கிழங்குகளை எண்ணி, ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, கிடைத்தது எத்தனை, திரும்ப நட்டது எத்தனை, யாருக்குக் கொடுத்தது, எறிந்தது எத்தனை. கிடைத்ததும் மற்ற மூன்றின் கூட்டலும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும் வரை மாடியை விட்டு இறங்காதீர்கள். என் அம்மா அருவாமனை முன் உட்கார்ந்திருந்த அந்த நாளிலிருந்து இன்றுவரை அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

வேண்டாத கிழங்கைக் குப்பைத்தொட்டியில் அப்படியே போடாதீர்கள். தொட்டியைக் கிளறும் மாடு நம் தெருவெல்லாம் உண்டு, கிடைத்ததைப் பொறுக்கும் மனிதர்களும் உண்டு. நசுக்கி, மண்ணெண்ணெயோ டீசலோ தெளித்து, பழைய துணியில் கட்டி, வீட்டுக்கு வரும் தூய்மைப் பணியாளர் கையில் ‘இது விஷம்’ என்று சொல்லிக் கொடுங்கள். காய்ந்த தண்டையும் இலையையும் அதே மாதிரி கட்டித்தான் கொடுக்க வேண்டும். சமையலறைக் கழிவு போகும் உரத்தொட்டியில் எதையும் சேர்க்காதீர்கள்.

பட்டம் விடும் காலத்தில் பக்கத்து வீட்டுப் பையன்கள் காத்தாடி துரத்திக்கொண்டு மாடிக்கு மாடி தாவுவார்கள். அதனால்தான் கீழ்வீட்டாரிடமும் பக்கத்து மாடிக்காரரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றேன். ஒருவர் தயங்கினாலும் விட்டுவிடுங்கள். சங்குப்பூ, முல்லை, குருக்கத்தி என்று நம் ஊர்க் கொடிகள் எத்தனையோ இருக்கின்றன. குன்றிமணிக் கொடி மட்டும் வேண்டாம். அதன் சிவப்பு-கருப்பு விதையைக் குழந்தை கடித்து மென்றுவிட்டால் இதற்குக் குறையாத ஆபத்து.

கடைசியாக, நடக்கக் கூடாதது நடந்துவிட்டால். குழந்தையோ பெரியவரோ எந்தப் பகுதியை வாயில் போட்டிருந்தாலும், எவ்வளவு கொஞ்சம் என்று தோன்றினாலும், உடனே கிளம்புங்கள். இந்த விஷம் பெரும்பாலும் உடனே காட்டாது. இரண்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ கழித்துத்தான் வாந்தி தொடங்கும். ‘நல்லாத்தானே விளையாடுது’ என்று காத்திருந்தால் மருத்துவர்கள் மருந்துக் கரித்தூளைக் கொடுத்து விஷத்தைக் குடலிலேயே பிடித்து நிறுத்தக்கூடிய முதல் சில மணி நேரம் வீணாகும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், மோர், புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். வாயில் மிச்சம் இருந்தால் துடைத்தெடுத்து, 108-க்குப் போன் செய்யுங்கள், அல்லது ஆட்டோவில் ஏறி ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தண்டையார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனை அது, இரவிலும் அவசரப் பிரிவு உண்டு. கடித்த கிழங்கையோ இலையையோ ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். “கண்வலிக்கிழங்கு, கால்ச்சிசின்” என்ற இரண்டு வார்த்தையையும் சொல்லுங்கள். முதல் நாள் வாந்தி பேதி நின்று முகம் தெளிந்துவிட்டாலும், மருத்துவர் சொல்லாமல் வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் சிறுநீரகமும் இரத்தமும் பாதிக்கப்படுவது தெரியவரும்.

இவ்வளவையும் படித்த பிறகும் ஆசை இருந்தால், உங்கள் மாமியாரையும் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். அவரும் கீழ்வீட்டாரும் சரி என்றால் ஆனி மாதம் எனக்கு எழுதுங்கள். நான் பெரம்பூரில்தான் இருக்கிறேன். அந்த மாதம் என் பையைக் கவிழ்க்கும் முறை வருகிறது. முளைக்கண் நன்றாக இருக்கும் ஒற்றைக் கிளையாகப் பார்த்து ஒன்று எடுத்து வைக்கிறேன். நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டு தருகிறேன்.